மடியில் குழந்தை இல்லாமல்

ரயிலின் முதல் வகுப்புப் பெட்டி நொயெமிக்குப் புதிதல்ல. எந்த இருக்கையில் மெத்தை அமுங்கிக் கிடக்கும், எந்த ஜன்னல் திறக்க வராது, எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவாள். வருஷக்கணக்காக அதில் போய் வந்தவள். அப்படிப்பட்டவள் அன்று காலை படியில் ஒரு கால், நடைமேடையில் ஒரு கால் என்று நின்றாள். இந்தத் தடவை மடியில் வைத்துக்கொள்ள அவளிடம் வெள்ளைக்காரக் குழந்தை எதுவும் இல்லை.

எங்கள் லூசியானா மாநிலத்தில் போன வருஷம் போட்ட சட்டம் அப்படி. ரயிலில் வெள்ளையருக்கு ஒரு பெட்டி, கறுப்பர்களான எங்களுக்கு ஒரு பெட்டி. மாறி உட்கார்ந்தால் அபராதம், இல்லையென்றால் ஜெயில். அதே விலை கொடுத்து டிக்கெட் வாங்கினாலும் எங்களுக்குக் கிடைப்பது இஞ்சினை ஒட்டின முன்பெட்டிதான்; பாதியில் மூட்டை முடிச்சு, மீதியில் சுருட்டுப் பிடிக்க வருகிற குடிகாரர்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் சட்டத்தின் வாலில் ஒரு வரி ஒட்டியிருந்தது. வெள்ளைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்களுக்கு மட்டும் இது பொருந்தாதாம். எப்படிப் பொருந்தும்? கையைத் தூக்கி ஓட்டுப் போட்ட கனவான்கள் வீட்டிலெல்லாம் பிள்ளைக்கு ஈரத்துணி மாற்ற ஒரு நொயெமி வேண்டியிருந்ததே. பக்கத்தில் உட்கார்ந்தால் தீட்டு, பால் கொடுத்தால் தீட்டில்லை. என்ன நியாயமோ.

அந்த வரியின் புண்ணியத்தில்தான் போன நவம்பர் கல்லறைத் திருநாளுக்கு நொயெமி எஜமானியின் பையனை மடியில் வைத்துக்கொண்டு பின்பெட்டியில், அதாவது வெள்ளையர் பெட்டியில், உட்கார்ந்திருந்தாள். கரும்புத் தோட்டத்து வீட்டுக்குப் பயணம். நொயெமியின் புருஷன் மஞ்சள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டதால் மகள் ஸுல்மாவை விட்டுவர ஆளில்லை, கூடவே கூட்டிவந்திருந்தாள். ஏழு வயசு. ரயில் கிளம்பும் முன்பு கண்டக்டர் ஹாஸ்கெட் வந்து நின்றான். "ஆயா, நீ இருக்கலாம். உன் மக முன்னாடி போயிடணும்" என்றான். நொயெமி எஜமானியைப் பார்த்தாள். எஜமானி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "பயப்படாதடி, இறங்குற எடத்துல அம்மா வந்து கூட்டிக்கறேன்" என்று மட்டும்தான் நொயெமியால் சொல்ல முடிந்தது. ஸுல்மா துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனியாக முன்பெட்டிக்கு நடந்தாள்.

வழியில் இஞ்சினிலிருந்து பறந்த நெருப்புக் கரி ஒன்று உடைந்த ஜன்னல் வழியாக வந்து குழந்தையின் கழுத்துப்பட்டைக்குள் விழுந்தது. சட்டை பற்றிக்கொண்டது. யாரோ ஒரு புண்ணியவான் தண்ணீரை வாரி ஊற்றியிருக்கிறான். இறங்குகிற இடத்தில் நொயெமி ஓடிப்போய்ப் பார்த்தபோது காதிலிருந்து தோள் வரைக்கும் தோல் உரிந்திருந்தது. மகள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் பின்னால் உட்கார்ந்து ஊரார் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

ஊர் திரும்பியதும் அந்த வீட்டு வேலையை விட்டாள். நியூ ஆர்லியன்ஸின் த்ரெமே பேட்டையில் வீட்டோடு இருந்து சட்டைக் காலர்களுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தாள். ஸுல்மா ஜூன் மாத வெயிலிலும் கழுத்தை மூடின சட்டைதான் போடுவாள். அந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

அதனால்தான், பேட்டைக்காரர்கள் சங்கம் கூட்டி இந்தச் சட்டத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கவேண்டும் என்று பேசினபோது நொயெமி முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். கோர்ட்டுக்கு இழுக்கவேண்டுமானால் முதலில் யாராவது பின்பெட்டியில் ஏறிக் கைதாகவேண்டும். பூனைக்கு யார் மணி கட்டுவது? ரயில் கம்பெனிக்காரனும் லேசுப்பட்டவனல்ல. கேஸ் வந்தால் தன் தலையும் உருளும் என்று, வம்பு வளர்க்காதே என்று கண்டக்டர்களுக்குச் சொல்லிவைத்திருந்தான். சங்கம் ஏற்கெனவே ஒரு தொப்பிக் கடைக்காரரை அனுப்பிப் பார்த்தது. கண்டக்டர் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. இறங்கும்போது பெட்டியை எடுத்துக் கொடுத்து, பார்த்துப் போங்க என்று வேறு சொன்னானாம். மனுஷர் அவமானத்தோடு திரும்பி வந்தார்.

"நான் போறேன்" என்றாள் நொயெமி.

வக்கீல் நூமா எங்கள் பேட்டைப் பையன்தான். மீசை இப்போதுதான் அடர்த்தியாகியிருந்தது, ஆனால் மூளை கத்தி. அவளைச் சமையலறையில் உட்காரவைத்துக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தான்.

"அக்கா, டிக்கெட் மாநிலத்துக்குள்ளயே இருக்கணும். எல்லை தாண்டுச்சுன்னா கோர்ட்டு வேற சாக்கு சொல்லித் தள்ளிடும். பெல் ஃபோந்தேன் வரைக்கும் வாங்கியிருக்கேன். அப்புறம், சத்தம் போடக்கூடாது. சீட்டைப் புடிச்சுக்கிட்டுத் தொங்கக்கூடாது. கை நீட்டவே கூடாது. கலாட்டா பண்ணினான்னு எழுதிட்டா நம்ம கேஸு செத்துது."

"அடிச்சா?"

"வாங்கிக்கங்க" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "நீங்க கறுப்புங்கறதாலதான் எறக்கறேன்னு அவன் வாயால சொல்லணும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு பாடு."

அந்த வார்த்தையைக் காதால் கேட்டுச் சாட்சி சொல்ல இன்னொருத்தர் வேண்டும். அதற்கு நொயெமியின் பெரியப்பா மகன் உர்சேனைப் பிடித்தார்கள். எங்கள் பேட்டையில் ஒரே வீட்டில் பத்து நிறம் பிறக்கும். உர்சேனுக்குச் சாம்பல் கண், வெளுத்த தோல், செம்பட்டை முடி. சட்டப்படி அவனும் நொயெமி மாதிரிக் கறுப்புதான், ஒரே தாத்தா பாட்டி. ஆனால் கோட்டுப் போட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் கவர்னரின் மச்சான் என்று நினைப்பார்கள். அன்று அவன் பின்பெட்டியில் அவளுக்கு மூன்று வரிசை பின்னால் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். ஆக அந்தப் பெட்டியில் சட்டத்தை மீறினவர்கள் இரண்டு பேர். கண்ணுக்குத் தெரிந்தது ஒருத்திதான்.

ரயில் நகர்ந்தது. நொயெமி தொப்பியை நேராக்கிக்கொண்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெறும் மடி விசித்திரமாக இருந்தது. எதிர் இருக்கையில் ஓர் இளம் வெள்ளைக்காரி கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். முகம் வெளிறிக்கிடந்தது. புழுக்கமும் வண்டியின் ஆட்டமும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவள் நொயெமியைப் பார்த்தாள், நொயெமியின் பக்கத்தில் ஏதாவது குழந்தை இருக்கிறதா என்று தேடினாள், பிறகு ஒன்றும் புரியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹாஸ்கெட் டிக்கெட்டுகளைத் துளையிட்டபடி வந்தான். நொயெமி டிக்கெட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். நூமா சொன்ன வார்த்தைகளை மனசுக்குள் ஒப்பித்தாள். அவன் அவளுக்கு முன்னால் நின்றான். அவளை அடையாளம் தெரிந்துகொண்டது ஒரு கணம் அவன் முகத்தில் ஓடியது. டிக்கெட்டை வாங்கினான், துளை போட்டான், திருப்பிக் கொடுத்தான். அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை. தொப்பிக் கடைக்காரருக்கு நடந்தது தனக்கும் நடக்கப்போகிறது என்று நொயெமிக்குப் புரிந்தது. பெல் ஃபோந்தேனில் பார்த்துப் போங்க என்று சொல்லி இறக்கிவிடுவான். ஸுல்மாவுக்கு முன்னால் போய் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது?

இப்படி ஆனால் என்ன செய்யவேண்டும் என்பதையும் நூமா யோசித்து வைத்திருந்தான். சதுப்புநிலம் தொடங்கியதும் உர்சேன் எழுந்து, கோபக்கார வெள்ளைக்காரனாகப் புகார் சொல்லவேண்டும். சொந்தத் தங்கையைப் பற்றிப் பெட்டி முழுக்கக் கேட்கக் கேவலமாகப் பேசவேண்டும். இதைச் சொன்னபோது உர்சேன், "என் நாக்கு அழுகிப்போகும்" என்றான். "அழுகட்டும்ணே, நான் கஷாயம் வச்சுத் தரேன்" என்றாள் நொயெமி.

வெளியே தண்ணீரில் நின்ற சைப்ரஸ் மரங்கள் வரத் தொடங்கின. வண்டி ஒரு வளைவில் திரும்பிக் குலுங்கியது. எதிரே இருந்தவளுக்குத் தலை சாய்ந்தது, பிடி தளர்ந்தது. குழந்தை அவள் மடியிலிருந்து வழுக்கியது.

இத்தனை வருஷம் பிள்ளை தூக்கின கைகள் யாரைக் கேட்கும்? நொயெமி யோசிக்கவே இல்லை. யோசித்தபோது குழந்தை அவள் மார்பில் இருந்தது. வீல் வீலென்று கத்திய அதன் முதுகை அவள் உள்ளங்கை தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. தொண்டையிலிருந்து தாலாட்டும் தானாகக் கிளம்பிவிட்டது.

"ஐயோ, புண்ணியமாப் போகும் ஆயா" என்று அந்தத் தாய் முனகினாள். "கொஞ்ச நேரம் வச்சுக்க. எனக்குக் கண்ணைக் கட்டுது."

திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நொயெமிக்குத் தெரிந்தது. ஆனால் அந்தத் தாய் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். அந்தக் கையில் எப்படிக் கொடுப்பது?

சரியாக அதே நேரம் பின்னாலிருந்து உர்சேன் குரல் எழும்பியது. உயரமான இருக்கை முதுகுகளுக்குப் பின்னால் இருந்ததால் அவனுக்குக் குழந்தை தெரியவில்லை, அழுகை மட்டும்தான் கேட்டது.

"யோவ் கண்டக்டர், இங்க வாய்யா. நான் காசு குடுத்து ஏறினது வெள்ளைக்காரங்க பெட்டியா, மாட்டுக் கொட்டாயா? அங்க ஒரு கறுப்பி சொகமா உக்காந்திருக்கா. உன் கண்ணு என்ன அவிஞ்சு போச்சா?"

குரல் நடுங்கியது. கோபத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள். பெட்டியில் தலைகள் திரும்பின. "ஆமா, நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றான் ஒரு தடித்த மனிதன். "எறக்குய்யா."

ஹாஸ்கெட் தூக்குமேடைக்கு வருகிறவன் மாதிரி வந்தான். பக்கத்தில் வந்து நொயெமியின் மடியைப் பார்த்ததும் அவன் முகத்தில் விடிந்துவிட்டது.

"அட, ஆயாதானே" என்றான், பெட்டிக்கே கேட்கிற மாதிரி. "இதுக்கா சார் இவ்வளவு சத்தம்? புள்ளையப் பாத்துக்கற ஆயா. சட்டத்துலயே எடம் இருக்கு." பிறகு அந்தத் தாயிடம் குனிந்தான். "அம்மா, இது உங்க ஆயாதானே?"

நொயெமி அவளையே பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடு தாயே.

அந்தப் பெண் நல்லவள்தான். கெட்டவளாக இருந்திருந்தால் காரியம் சுலபமாகப் போயிருக்கும். தனக்கு உதவின கறுப்பு மனுஷியை இவர்கள் துரத்தப் பார்க்கிறார்கள் என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. குழந்தையும் அப்போதுதான் அடங்கியிருந்தது. "ஆமா" என்றாள் பலவீனமாக. "என் ஆயாதான். விட்டுடுங்க, இங்கயே இருக்கட்டும்."

தடித்த மனிதன் உட்கார்ந்துவிட்டான். ஆயா என்றால் அவனுக்கு ஆட்சேபம் இல்லை. உர்சேன் மட்டும் நின்றபடியே இருந்தான். இதற்குமேல் என்ன பேசுவது என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பேப்பர் அவன் கையில் கசங்கியது.

நொயெமிக்கு வியர்த்து ஊற்றியது. குழந்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக் கொட்டாவி விட்டது. பேசாமல் இருந்துவிட்டால் போதும். ஜெயில் இல்லை, அடி இல்லை. நல்ல மெத்தையில் உட்கார்ந்து பெல் ஃபோந்தேன் போய், அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். குழந்தை விழப்போனது, பிடித்தாள், அதற்கு என்ன செய்ய முடியும் என்பார்கள். போன தடவையும் இப்படித்தான் ஒரு குழந்தை மடியில் இருந்தது, இவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

"அம்மா" என்றாள் எதிரே இருந்தவளிடம். "நான் உங்க ஆயான்னா, என் பேரு என்னங்க?"

அவள் விழித்தாள். "பேரா?" என்றாள். "ஆயான்னுதானே கூப்பிடறோம்."

பெட்டியில் யாருக்கும் அந்தப் பதிலில் குறை தெரியவில்லை. ஹாஸ்கெட்டுக்கும் தெரியவில்லை. அவன் ஏற்கெனவே திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தான்.

நொயெமி எழுந்தாள். ஆடுகிற வண்டியில் பிள்ளையோடு நடப்பது அவளுக்குக் கைவந்த கலை. அவன் முன்னால் போய் வழியை மறித்து நின்று, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை அவன் கைகளில் வைத்துவிட்டாள். அவன் துளை போடும் கருவியைக் கீழே போட்டுவிட்டுப் பதறிப்போய்ப் பிடித்தான்.

"கழுத்துக்கு அண்டை குடுங்க துரை, இன்னும் தலை நிக்கல" என்றாள். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் குரல் உயரவில்லை. "இப்ப என் மடியில புள்ளை இல்ல. நான் யாருக்கும் ஆயாவும் இல்ல. கையில முதல் வகுப்பு டிக்கெட் இருக்கு, நீங்களே ஓட்டை போட்டுக் குடுத்தது. நான் கறுப்பு. இங்க உக்காரலாமா, கூடாதா? சொல்லுங்க."

ரயில் கண்டக்டர் ஒருவன் நடுவழியில் கைக்குழந்தையோடு நிற்கிற காட்சி வேறு நேரமாக இருந்தால் சிரிப்பாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. குழந்தை விழித்து அலறியது. தாய் தட்டுத்தடுமாறி எழுந்து அதை வாங்கிக்கொண்டாள். தடித்த மனிதனும் இன்னொருவனும் எழுந்து வந்தார்கள்.

"இவளை எறக்கறதுக்கு ஸ்டேஷன் எதுக்கு?" என்றான் தடித்தவன். "பாலத்துல தூக்கிப் போட்டா முதலை பாத்துக்கும்."

பாலம் வந்துகொண்டுதான் இருந்தது. சக்கரச் சத்தம் மாறியது, ஜன்னலுக்குக் கீழே கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் கை அவள் தோள்பட்டையில் விழுந்தது, சட்டைத் தையல் பிரிந்தது. சீட்டைப் பிடிக்காதே, சீட்டைப் பிடிக்காதே என்று நொயெமி தனக்குள் சொல்லிக்கொண்டே, பிடித்துக்கொள்ளத் துடித்த விரல்களை ஒன்றுக்குள் ஒன்று இறுக்கிக்கொண்டாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஸுல்மாவுக்கு இனி யார் இருக்கிறார்கள் என்ற எண்ணம் வந்தது.

இழுபறியில் அவள் தலை திரும்பியபோது உர்சேன் தெரிந்தான். ஒரு காலை வெளியே எடுத்து வைத்துவிட்டான். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. இன்னும் ஓர் அடி வைத்தால் எல்லாம் போச்சு. தங்கை என்று சொல்லிவிடுவான், சாட்சியும் போகும், அவனும் போவான். நொயெமி கண்ணால் அவனை அதட்டினாள். சின்ன வயசில் அத்திப்பழம் திருடப்போன இடத்தில் நாய் வந்தபோது அதட்டின மாதிரி. அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். உட்கார்ந்தான்.

"விடுய்யா அவளை" என்று கத்தினான் ஹாஸ்கெட். கருணையால் அல்ல. பாலத்தில் ஒரு பிணம் விழுந்தால் கம்பெனி முதலில் அவன் சீட்டைத்தான் கிழிக்கும். "நான் பாத்துக்கறேன். இது என் வண்டி." பிறகு அவளிடம் வந்தான். அவனுக்கும் வியர்த்திருந்தது. "எழுந்திரு. முன்பெட்டிக்குப் போ."

"ஏன்?"

"ஏன்னா என்ன ஏன்? போன்னா போ."

"என்ன தப்புப் பண்ணினேன்? சத்தம் போட்டேனா? காசு குடுக்கலயா?"

"உன்னோட எனக்கு என்ன வழக்கு? எழுந்திரு."

"காரணம் சொல்லுங்க துரை, எழுந்துக்கறேன்."

பெட்டி முழுக்க அவனையே பார்த்தது. தடித்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கம்பெனி சொன்னதெல்லாம் ஹாஸ்கெட்டுக்கு நினைவிருந்ததோ என்னவோ, இத்தனை வெள்ளைக்காரர்கள் முன்னால் ஒரு ஆயா கேள்வி கேட்டு அவன் மௌனமாக நிற்க முடியுமா?

"நீ கறுப்பு. அதான் காரணம்" என்றான். "இது வெள்ளைக்காரங்க பெட்டி. கறுப்பி இங்க உக்காரக்கூடாது. போதுமா?"

"போதும்" என்றாள் நொயெமி. மூன்று வரிசை பின்னால் பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது.

அதன்பிறகும் அவள் எழுந்து முன்பெட்டிக்குப் போகவில்லை. பெல் ஃபோந்தேனில் ஊர்ப் போலீஸ் அதிகாரியான ஷெரீப்பின் ஆள் வந்து கையைப் பிடித்து இறக்கும் வரைக்கும் உட்கார்ந்தே இருந்தாள். அவளை இழுத்துப்போன வழியில் உர்சேன் கால்களை ஒடுக்கிக்கொண்டு வழிவிட்டான். அந்த இளம் தாய் மட்டும், "நான் நல்லதுக்குத்தானே சொன்னேன், ஏன் இப்படி?" என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஷெரீப்பின் அறைக்குப் பின்னால் ஒரு கம்பிக் கதவு. உள்ளே ஈரத் தரை, ஒரு வாளி. நொயெமி பிரிந்த தோள்பட்டைத் தையலைத் தொப்பி ஊசியால் குத்திக்கொண்டாள். மத்தியானத்துக்குள் நூமா அடுத்த வண்டியில் ஜாமீனோடு வந்து சேர்ந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது இதைத்தான்.

"சொன்னானா அக்கா?"

"சொன்னான்."

"எல்லாரும் கேக்கவா?"

"செவிடனுக்கும் கேட்டிருக்கும்."

நூமா கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஷெரீப்பின் ஆளும் ரயில் பெட்டிச் சட்டத்தின்படிதான் கைது என்று எழுதியிருந்தான், கலாட்டா என்று எழுதவில்லை. வந்த காரியம் முடிந்தது. கேஸ் இந்த ஊர்க் கோர்ட்டில் தொடங்கி வாஷிங்டன் வரைக்கும் போகும், எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது, ஜெயிப்போமா என்றும் தெரியாது, ஆனாலும் தொடங்கிவிட்டது என்று அவன் மூச்சுவிடாமல் பேசினான். பேசி முடித்ததும் கொஞ்சம் தயங்கினான்.

"எனக்கு இங்க கையெழுத்து வேலை இருக்கு. நீங்க சாயங்கால வண்டில கெளம்பிடுங்க. பொண்ணு காத்துக்கிட்டிருப்பா."

"சரி."

"அக்கா, இன்னொருக்கா பின்பெட்டில ஏற வேண்டாம். ஒரு கேஸு போதும். ரெண்டாச்சுன்னா நமக்கே சிக்கல்." அவன் டிக்கெட்டை நீட்டினான். "முன்பெட்டிலதான் போகணும்."

நொயெமி அந்த டிக்கெட்டைக் கொஞ்ச நேரம் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷ ரயில் பயணத்தில் அவள் ஒரு தடவை கூட முன்பெட்டிக்குள் கால் வைத்ததில்லை. எப்போதும் ஏதாவது ஒரு வெள்ளைக் குழந்தை அவள் மடியில் இருந்தது.

இஞ்சினுக்கு அடுத்து இருந்தது அந்தப் பெட்டி. தரையெல்லாம் புகையிலை எச்சில். மூட்டைகளுக்கு நடுவில் மரப் பலகைகள். மூன்று வெள்ளைக்காரர்கள் சீட்டாடிக்கொண்டு, புட்டியைக் கைமாற்றிக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் இங்கே வந்து உட்கார எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. ஒருவன் அவளைப் பார்த்து ஏதோ சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள். புகையில் மூச்சு முட்டியது. அவள் போய் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலில் கண்ணாடி இல்லை.

வண்டி வேகமெடுத்ததும் கரி வர ஆரம்பித்தது. முதலில் தூசி, பிறகு செவ்வண்டு மாதிரி கனல் துணுக்குகள். ஒன்று அவள் மணிக்கட்டில் விழுந்து சுட்டது. ஒன்று பாவாடையில் விழுந்து ஓட்டை போட்டது. அவள் தட்டிவிட்டுக்கொண்டே வந்தாள். நான் பெரிய மனுஷி, தட்டிவிடத் தெரிகிறது, அந்தக் குழந்தைக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்தாள். ஜெயிலில் வராத அழுகை அங்கே வந்தது. சீட்டாட்டக்காரர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதாள்.

நியூ ஆர்லியன்ஸ் ஸ்டேஷனில் வெயில் சாய்ந்திருந்தது. ஸுல்மா பக்கத்து வீட்டு மதாம் ஒர்த்தான்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, பின்பெட்டி நிற்கிற இடத்தில் நின்றிருந்தாள். அம்மா முன்பக்கத்திலிருந்து வருவதைப் பார்த்ததும் முகம் மாறியது. ஓடிவந்தாள். கட்டிக்கொள்ளவில்லை. அம்மாவின் பாவாடை ஓட்டையைப் பார்த்தாள், மணிக்கட்டுக் கொப்புளத்தைப் பார்த்தாள், எட்டிக் கழுத்துப்பட்டையை விலக்கிப் பார்த்தாள்.

"ஜன்னல் பக்கம் உக்காந்தியாம்மா?"

"ஆமாண்டி. மூச்சு முட்டுச்சு."

"அங்க உக்காரக்கூடாது" என்றாள் ஸுல்மா. இத்தனை மாசத்தில் அந்தப் பெட்டியைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. "தண்ணிப் பீப்பா இருக்கு பாரு, அதுக்குப் பின்னாடி நிக்கணும். அங்க நெருப்பு வராது. அந்த மாமாங்களும் பாக்கமாட்டாங்க. திரும்பி வரும்போது நான் அங்கதான் நின்னேன்."

திரும்பி வரும்போது. வெந்த கழுத்தோடு அந்தக் குழந்தை மறுபடியும் அதே பெட்டியில்தான் வந்தது. நொயெமியும் மறுபடியும் பின்பெட்டியில்தான் வந்தாள். இனிமேல் நீ அங்கே நிற்கவே வேண்டாம் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. கேஸ் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பிள்ளையிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"என்னைப் பெல் ஃபோந்தேன் கோர்ட்டுல கூப்பிடுவாங்க" என்றாள். "நீயும் வர்றியா?"

"ரயில்லயா?"

"ரயில்லதான்."

ஸுல்மா கழுத்துப்பட்டையைத் தடவிக்கொண்டாள். "நீ எங்க உக்காருவே?" என்று கேட்டாள்.

"உன்கூடத்தான்" என்றாள் நொயெமி. "அந்தப் பீப்பாகிட்ட ரெண்டு பேரு நிக்க எடம் இருக்குமா?"

ஸுல்மா யோசித்தாள். "ஒட்டி நின்னா இருக்கும்" என்றாள்.